கீறல் விழாத பம்பர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பம்பர் கிடந்தது. ஜீப்புக்கு முன்னால் மாட்டுகிற கனத்த இரும்பு பம்பர். சோபாவை என் வீட்டுக்காரர் பால்கனிக்குத் தள்ளிவிட்டார். அது நனைந்தால் பரவாயில்லையாம்.

ஜீப் வாங்கியதே எனக்காகத்தான். நான் நர்ஸ். நாய் படாத பாடுபட்டு, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு வேலை வாங்கியிருந்தேன். மேலே போகிற மண்பாதையில் பஸ் கிடையாது. வாடகைக் காரைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள். திங்கட்கிழமை காலையில் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை அவரிடம் சொன்னேன், மாமியாரிடம் சொன்னேன், சுவரிடம்கூடச் சொல்லிவைத்தேன்.

"அதுக்குத்தானே பம்பர்! அந்தப் பாதையில பாறை இருக்கும், கிளை விழுந்து கிடக்கும். இப்ப இருக்கிற பிளாஸ்டிக் பம்பர் ஒரே இடியில தூளாயிடும்" என்றார் வீட்டுக்காரர்.

நியாயமான பேச்சுதான். அதை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

தேர்ந்தெடுப்பதற்கே ஒரு யுகம் ஆனது. ஓரங்களை வெட்டிய குட்டை பம்பர் என்றால் மேடு ஏறும்போது சக்கரத்துக்கு இடம் விடுமாம். முழு அகல பம்பர் என்றால் விளக்குகளையும் சேர்த்துக் காக்குமாம். என்னைக் கட்டிக்கொள்ளக்கூட மனிதர் இத்தனை யோசிக்கவில்லை. கடைசியில் முழு அகலத்தையே வாங்கினார். நடுவில் வின்ச் மாட்ட இடம் வேறு. வின்ச் என்பது சேற்றில் சிக்கிய வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கிற மோட்டார். அந்த மோட்டார் எங்களிடம் இல்லை. இடம் மட்டும் இருக்கிறது.

பட்டறைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "இது வெறும் இரும்பு சார். மேல எதுவும் அடிக்கல. ஈரம் பட்டா துரு ஏறிடும். இன்னைக்கே கோட்டிங் குடுத்துடலாம்."

"அவசரப்படக் கூடாதுங்க. பினிஷ்தான் முக்கியம்" என்று இவர் அதை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்.

அதன்பின் பளபளக்கும் கறுப்பா, மங்கலான கறுப்பா, சொரசொரப்பான கறுப்பா என்று ஆராய்ச்சி. மாதிரித் தகடுகளை ஜன்னலோரம் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். எல்லாமே கறுப்புதான் ஐயா!

இதற்கிடையில் என் மாமியாருக்குத் துணி காயப்போடுகிற கொடி அறுந்துபோனது. கூடத்தில் இரண்டு முக்காலிமேல் இடுப்பு உயரத்துக்கு நீளமாக ஒன்று சும்மா கிடக்கும்போது அவர் ஏன் கயிறு தேட வேண்டும்? துவைத்த துண்டுகளை வரிசையாகப் பம்பர்மேல் போட்டுவிட்டார். மறுநாள் துண்டை எடுத்தால் இரும்பெல்லாம் பட்டை பட்டையாகத் துரு.

"அம்மா! என்னம்மா பண்ணி வெச்சிருக்கே?" என்று இவர் அலறினார்.

"பாறையில மோதுற இரும்புன்னு சொன்னியேடா. ஈரத்துண்டையே தாங்கலையே!" என்றார் மாமியார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

துருவைத் தேய்த்தெடுத்து, பொடி தூவிச் சூட்டில் உருக்குகிற பவுடர் கோட்டிங் போட்டு, ஞாயிறு சாயங்காலம் பட்டறைக்காரர் ஜீப்பில் மாட்டிக் கொடுத்தார். சொரசொரப்பான கறுப்பு. இவர் அதை ஊதி ஊதித் துடைத்தார்.

திங்கட்கிழமை நல்ல மழை. நான் பையோடு வந்து நின்றேன். இவர் சாவியை இறுக்கிப் பிடித்தபடி பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டிங் இப்பத்தான் போட்டிருக்கு. கல்லு தெறிச்சா கீறல் விழுந்துடும். ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்னு போன் பண்ணிச் சொல்லிடேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "பாறைக்குப் பயந்து பம்பர் வாங்கினீங்க. இப்ப பம்பருக்குப் பயந்து பாறைப் பக்கமே போகமாட்டேங்கிறீங்க. குடுங்க சாவியை!"

பிடுங்கிக்கொண்டு ஏறினேன். அண்ணனின் மினி லாரியில் ஓட்டப் பழகியவள் நான். இவர் ஒரு போர்வையை எடுத்துவந்து பம்பரைச் சுற்றிக் கட்டிவிட்டுப் பக்கத்தில் தொற்றிக்கொண்டார்.

மண்பாதை ஆரம்பித்ததும் போர்வை சேற்றில் அவிழ்ந்து விழுந்தது. அதன்பின் புதர் வந்த இடமெல்லாம் இவர் இறங்கினார். முள்கிளைகளைக் கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஜீப்புக்கு முன்னால் முழங்கால் சேற்றில் நடந்தார். எப்பேர்ப்பட்ட பாதையிலும் போகிற வண்டி, நடந்து போகிறவர் பின்னால் ஊர்ந்து போனது.

ஒரு வளைவில் பெரிய கிளை ஒன்று பாதையை அடைத்துக் கிடந்தது. இவர் கட்டிப்பிடித்து இழுத்துப் பார்த்து, வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"தள்ளிப் போங்க. நான் வண்டியால ஒதுக்கிடறேன்."

இவர் எழுந்து பம்பருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஐயோ, கீறிடும்மா!"

"உங்களுக்கு இது பெரிசா, என் வேலை பெரிசா? சொல்லுங்க."

இவர் யோசித்தார்! அந்த யோசனையைப் பார்த்தபோது என் மனசு விட்டுப்போனது. கியரைப் போட்டேன். மனிதர் துள்ளி ஓரத்துக்குப் போனார். பம்பர் கிளையை முட்டி, நறநறவென்று தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டது. நல்ல பம்பர்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கையெழுத்துப் போட்டேன். சந்தோஷத்தில் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் வெளியே பம்பரில் விழுந்த நீளமான கீறலைத் தடவிக்கொண்டிருந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகம்.

அடுத்த ஞாயிறு இவருடைய ஆபீஸ் நண்பர்கள் வந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோனபோது இவர் கீறலைக் காட்டிக் கதை அளந்துகொண்டிருந்தார்.

"நடுப்பாதையில இந்தா பெரிய மரம்! ஒரே முட்டு, மரம் அந்தப்பக்கம். இவ பயத்துல கண்ணை இறுக்க மூடிக்கிட்டா."

நண்பர்கள் வாயைப் பிளந்தார்கள். இவர் அந்தச் சூட்டிலேயே பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். "அண்ணே, பம்பர்ல ஒரு கீறல் இருக்கு. அதை அப்படியே வெச்சு, மேல பாலிஷ் மாதிரி ஏதாவது அடிக்கணும். அழியவே கூடாது. நாளைக்கு வண்டியைக் கொண்டாந்து விடறேன்."

நான் தண்ணீர்த் தட்டை வைத்தேன். "நாளைக்கு வண்டி மலைக்குப் போகுதுங்க. தினமும் போகும். கீறல் வேணும்னா பம்பரைக் கழட்டி நீங்க வெச்சுக்கோங்க. சாவி என் பையில இருக்கு."

நண்பர்கள் இவரைப் பார்த்தார்கள். இவர் ஈயாடாத முகத்தோடு போனைப் பார்த்தார். உள்ளேயிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"கழட்டுறதா இருந்தா இன்னைக்கே கழட்டுடா. துண்டெல்லாம் துவைச்சு வெச்சிருக்கேன்."