ராபின்சனின் இடம்

என் வீட்டுக்காரர் ராபின்சன் உயிரோடு இருந்தவரை எங்கள் பாறசாலை வீட்டில் சாயாப் பாத்திரம் அடுப்பை விட்டு இறங்கியதில்லை. சட்டசபை மெம்பர் வீடு அப்படித்தான். ரோடு வேண்டும், கிணறு வேண்டும், பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேண்டும் என்று விடிந்தும் விடியாமலும் ஆட்கள் வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிடுவார்கள். "இது வீடா, சத்திரமா?" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அவர் சிரிப்பார். பிள்ளை இல்லாத வீடு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

நெஞ்சுவலியில் அவர் போனபோது ஊரே வந்தது. வந்தவர்கள் எங்கள் ஊர் வழக்கப்படி சொல்லாமல் எழுந்து போனார்கள். துட்டிவீட்டில் 'வாறேன்' என்று சொல்லக்கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். சரிதான். ஆனால் சொல்லாமல் போனவர்கள் பிறகு வரவே இல்லை. தமிழ்த் தாலுக்காக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று ஊர்வலமும் தடியடியுமாக இருந்த காலம். ராபின்சன் தமிழ்க்கட்சிக்காரர். எங்கள் வீட்டுப் படி ஏறியவர்களைப் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கிறது என்று ஒரு பேச்சு. வேதக்கோயில் ஆராதனையில் என்னைப் பார்த்தால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். பேச்சுத் துணைக்கு ஒரு கோழி இருந்தது. அதுவும் அடை உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

வந்தவர் நெய்யாற்றின்கரை வக்கீல் சதாசிவன். சர்க்கார் கட்சிக்காரர். சபையில் என் வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்றவர்.

"சேச்சி, பொதுத்தேர்தலுக்கு இனி கொஞ்ச காலமே உண்டு. அதுவரைக்கும் ஒராளை நியமிச்சா மதி, தேர்தல் வேண்டாம்னு மேல தீர்மானம். ராபின்சன் சாருக்க இடத்துல சேச்சி இருந்தா நல்லதாக்கும்."

எனக்கு விளங்காமல் இல்லை. இருபது வருஷம் அரசியல்வாதிக்குச் சோறு பொங்கியவள் நான். சபையில் ஓட்டெடுப்புக்கு அவர்களுக்கு ஒரு கை குறைந்தது. தேர்தல் வைத்தால் இங்கே தமிழ்க்கட்சிதான் ஜெயிக்கும். ராபின்சனின் விதவையைக் கொண்டுபோய் உட்காரவைத்தால் தமிழருக்கே கொடுத்தோம் என்ற பெயரும் ஆச்சு, வாயில்லாத ஒருத்தியின் கையும் ஆச்சு.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"அப்ப வாறேன் சேச்சி" என்று எழுந்தார். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! காரின் புழுதி அடங்கும்வரை வாசலில் நின்றேன்.

மறுநாளே எங்கள் கட்சிச் செயலாளர் சத்தியராஜ் வந்துவிட்டார்.

"அக்கா, சம்மதிக்கப்பிடாது. சம்மதிச்சா அண்ணனை வித்தது போலயாக்கும். கூட்டம் போடுதோம். நீங்க மைக்குல வந்து வேண்டாம்னு சொல்லணும்."

"இத்தனை நாள் எங்க இருந்தீரு?"

"போலீஸ் தொந்தரவு உண்டுல்லா அக்கா."

இன்றைக்குப் போலீஸ் எங்கே போச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவார். அவர் கணக்கும் எனக்குத் தெரிந்தது. பதவியை உதறிய விதவை மேடையில் நின்று ஒரு துளி கண்ணீர் விட்டால் அடுத்த தேர்தலுக்கு அது போதும். அவரிடமும் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவரும் "வாறேன் அக்கா" என்றார்.

சம்மதிக்கும் எண்ணம் எனக்கு எள்ளளவும் இல்லை. என் ராபின்சன் இடத்தில் உட்கார்ந்து அவருக்கு எதிராகவே கை தூக்குவேனா? ஆனால் வாயைத் திறந்து சொன்னால் அன்றோடு கார் நின்றுவிடும். மேடை ஏறி இறங்கினால் சத்தியராஜும் நின்றுவிடுவார். அதனால் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

சதாசிவன் வந்தால் பூவார்க் கடல்மீனும் மரச்சீனிக் கிழங்கும் வைப்பேன். "சபையில எந்தக் கையைத் தூக்கணும்?" என்று கேட்பேன். அவர் பொறுமையாக வலது கையைத் தூக்கிக் காட்டுவார். சத்தியராஜை நான் பேசவேண்டிய பேச்சை வாசிக்கச் சொல்லி, நடுவில் சரியில்லை, திருத்திக் கொண்டுவாரும் என்பேன். காரைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டு லீலாபாய்கூட வேலி தாண்டி வந்தாள். சாயாப் பாத்திரம் மறுபடி அடுப்பில் ஏறியது. சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஏன் மறைக்கவேண்டும்?

ஒருநாள் மீன் வாங்கிக் காத்திருந்தேன். கார் வரவில்லை. லீலாபாய்தான் வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள்.

"அறிஞ்சியளா? துணிக்கடைப் பொன்னப்பனை நியமிச்சாச்சு. ரெண்டு கட்சியையும் இத்தனை நாள் இட்டு அலையவச்ச பெண்ணை உள்ள விட்டா ஆபத்துன்னு வக்கீல் சொன்னாராம்."

சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அழுதேன். அவர் செத்தபோது ஊர் கூடியிருக்க அழுதது வேறே. இது ஆளில்லாமல் அழுதது.

பொன்னப்பன் போன தேர்தலில் ராபின்சனை எதிர்த்துச் சுயேச்சையாக நின்று டெபாசிட் போனவன். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், எந்தக் கட்சிக்கும் வேண்டாதவன். அப்படி ஒருத்தனைத்தான் தேடியிருக்கிறார்கள். தமிழ்க்கட்சி அவன் கடைக்குப் போகக்கூடாது என்றது. கூடப்பிறந்த அண்ணனே பேச்சை நிறுத்திவிட்டானாம். சர்க்கார் கட்சியோ ஓட்டெடுப்பு நாளில் காரில் கொண்டுபோய், முடிந்ததும் ரோட்டு முக்கில் இறக்கிவிடும். எங்கள் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. லீலாபாய் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள்.

ஒரு மத்தியானம் பொன்னப்பன் முற்றத்தில் வந்து நின்றான்.

"சாருக்க இடத்துல நான் இருக்கியது தப்பாக்கும். திட்டணும்னா திட்டுங்க அக்கா."

"கேறி இரு" என்று வராந்தாவைக் காட்டினேன். கட்டன்சாயா போட்டேன். இரண்டு கிளாஸ்.

சபையில் இந்தப் பக்கத்துக்காரர் அவன் முகத்தில் விழிப்பதில்லையாம், அந்தப் பக்கத்துக்காரர் கை தூக்கவேண்டும் என்றால்தான் திரும்புகிறார்களாம். சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"சபையில அந்த இடத்து மேசையில ஒரு மைக்கறை உண்டு அக்கா. சாருக்க பேனா ஒழுகினதா இருக்கும். துடைக்க வந்தவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அந்தப் பேனா ஒழுகும். ஜிப்பாப் பையில் பட்ட மையை எத்தனை தரம் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்திருக்கிறேன்! இத்தனை நாள் இந்த வராந்தாவில் அத்தனை பேர் ராபின்சனின் இடத்தைப் பற்றிப் பேசினார்கள். ராபின்சனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவன் இவன்தான்.

பொன்னப்பன் துட்டி கேட்க வராதவன். இதுதான் அவனுக்கு முதல் வரவு. அதனால் வழக்கம் தெரிந்தவனாக, ஒன்றும் சொல்லாமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான். முற்றத்துப் பலாமரத்து மூடு வரைக்கும் போய்விட்டான்.

"பொன்னப்பா!"

திரும்பினான்.

"வாறேன்னு சொல்லிட்டுப் போ."

"துட்டிவீடுல்லா அக்கா…"

"இனி இந்த வீட்டுல சாவதுக்கு நான் ஒருத்திதான் உண்டு. சொல்லிட்டுப் போ மக்கா."



"வாறேன் அக்கா" என்றான்.