ஆசாரமான லினக்ஸ்

எங்களூர் திருவிடைமருதூர்க் கட்டற்ற மென்பொருள் சபைக்கு நிறுவனர், தலைவர், பொருளாளர் எல்லாம் சாம்பசிவமே. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பக்கத்து வீட்டு அனுராதாவின் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று காதில் விழுந்ததும் அதை வாங்கிப்போனார். விண்டோஸைத் துடைத்தெறிந்து, யாரும் திறந்து பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருளான லினக்ஸை ஏற்றினார். சந்தனம் குங்குமம் இட்டு, சால்வை போர்த்தித் திருப்பித் தந்தார். சால்வை லேப்டாப்புக்கு. படம் சபையின் வாட்ஸாப்பில் வந்தது. லேப்டாப்பில் சத்தம்தான் வரவில்லை.

இன்று நாலு மணிக்கு அனுராதாவுக்கு நேர்காணல். ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் வேலை. குழந்தை பிறந்தபின் வீட்டோடு இருந்தவளை ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும், போனில் கூடாது என்று நிபந்தனை. இந்த நிலையில் அவர்கள் கேட்பது இவளுக்குக் கேட்காது. இவள் சொல்வதும் அங்கே போகாது.

லினக்ஸ் அவளுக்குப் புதிது. போனில் தேடிய கட்டளைகளைக் கறுப்புத் திரையில் எழுத்தெழுத்தாக அடித்தாள். கடைசியில் ஒரு வரி பிடிபட்டது: சவுண்டு சிப்புக்கான ஃபர்ம்வேர் இல்லை. அதாவது, அந்தச் சிப்பை உசுப்பிவிடுகிற சின்ன நிரல்.

உதவ வந்திருந்த சாம்பசிவம் அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

“சார், ஃபர்ம்வேர் இல்லாமத்தான் சத்தம் வரல.”

“தெரியும். அது டவுன்லோட் ஆகற இடத்தையே நான்தான் சிஸ்டத்தோட லிஸ்ட்லேருந்து எடுத்தேன். கம்பெனிக்காரன் பூட்டிவச்ச சரக்கும்மா அது. உள்ள என்ன இருக்கோ, யார் கண்டா. சேத்தா சிஸ்டமே தீட்டு.”

“நாலு மணிக்கு இன்டர்வியூ சார்.”

“சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு.”

“அத நான்தானே குடுக்கறேன்.”

சாம்பசிவம் காபியில் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அதை விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதே விரலால் கீபோர்டைத் தட்டி, “பார், எவ்வளவு சுத்தமா இருக்கு” என்றார். எச்சில் பட்ட பொத்தான்களை அனுராதா முந்தானையால் துடைத்தாள்.

அவர் கூடவே கொண்டுவந்து மடியில் வைத்திருந்த சொந்த லேப்டாப்பில், சபையில் அவர் ஆற்றிய உரை கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் இதே மாடல். அவர் சொல்லித்தான் இவளும் வாங்கினாள்.

“உங்களது மட்டும் எப்படி சார் பேசுது?”

பதிலுக்குக் காத்திராமல் அதை இழுத்து அதே கட்டளையை அடித்தாள். ஃபர்ம்வேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

சாம்பசிவம் கனைத்தார். “வசிஷ்ட் லீவுக்கு வந்தப்போ போட்டுட்டுப் போனது. பிள்ளை பண்ணினதுக்கு நான் என்ன செய்ய முடியும்? என் கையால தொடல. தொடாதவரைக்கும் தோஷமில்ல.”

“அப்ப நானே தொட்டுக்கறேன். நீங்க பாக்காதீங்க.”

மனிதர் நிஜமாகவே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தன் லேப்டாப்பில் அவர் லிஸ்டிலிருந்து நீக்கிய இடத்தைத் திரும்பச் சேர்த்து, போன் நெட்டில் ஃபர்ம்வேரை இறக்கி, மறுபடி துவக்கினாள். லேப்டாப் சிணுங்கியது. நேர்காணல் ஆரம்பித்தது.

“நாங்க பேசறது கேக்குதாங்க?”

“நல்லா கேக்குதுங்க.”

“உங்க பின்னாடி யாரோ பேசறாங்களே?”

வாசற்படியில் நின்று சாம்பசிவம் வாட்ஸாப்புக்குக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தார்: “துளி கலப்படமில்லாம, நம்ம சபை ஒரு பெண்மணிக்கு வேலைவாய்ப்பை...”

“ஒரு நிமிஷங்க” என்று எழுந்துபோனாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, அவர்கள் கேட்ட மாதிரிப் பாடமாகப் பின்னங்களைச் சொல்லித்தர ஆரம்பித்தாள்.