ஆறு வயதுக்கான சட்டை

மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு சோலையப்பன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பொன்னமராவதிக்குப் போய் ஒரு சட்டை வாங்கி வர அரை நாளா என்று அவர் மனைவி அமுதவல்லிக்கு எரிச்சலாக வந்தது. உள்ளதைச் சொன்னால், அவர் வாங்காமலே திரும்பி வந்தால் தேவலை என்றுதான் காலையிலிருந்து அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

மகன் எழிலரசன் திருமயம் பஸ் ஸ்டாண்டில் காணாமல் போனபோது அவனுக்கு ஆறு வயது. பதினெட்டு வருஷமாகிவிட்டது. ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று அவர்கள் ஏறி இறங்காத படி இல்லை. புதிதாக வரும் ஒவ்வொரு இன்ஸ்பெக்டரும் பழைய கேள்விகளையே முதலிலிருந்து கேட்பார். பிறகு மாற்றலாகிப் போய்விடுவார். போன மாதம்கூட மதுரையில் ஒரு பையன் கிடைத்திருக்கிறான் என்று கூப்பிட்டு ஒத்துப்பார்க்க இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள். அவன் வேறு யாரோ பெற்ற பிள்ளை. பெற்றவளாவது அவனைக் கண்ணால் பார்க்கட்டும் என்று அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தாள் அமுதவல்லி.

இப்போது மகள் பாடு. பிரகதீஸ்வரிக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இது மூன்றாவது, நாலாம் மாதம். சம்பந்தி வீட்டார் இவர்களையும் கூட்டிக்கொண்டு குறி கேட்கப் போனார்கள். செத்த பிள்ளை துணி கேட்டு வாசலில் நிற்கிறது, அவனை வீட்டுச்சாமியாகச் சேர்த்து, செத்த வயதுக்கு உண்டான துணி வைத்துப் படையல் போடுங்கள் என்று உடுக்கை அடித்துச் சொல்லிவிட்டான் கோடாங்கி. போலீஸ் இத்தனை வருஷமாகச் சொல்லாத பதிலை இவன் கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டானே என்று அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். சோலையப்பன்தான் முந்திக்கொண்டு, "செஞ்சிருவோம்" என்றார். அன்றிலிருந்து அவரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"குடுங்க, பெட்டியில வைக்கிறேன்."

பையைக் கொடுத்தார். உள்ளே நீலக் கோடு போட்ட சட்டை. பிரித்தாள், பிரிக்கப் பிரிக்க நீண்டது. பெரிய ஆள் சட்டை.

"என்னங்க இது?"

"கடக்காரன் எத்தன வயசுன்னு கேட்டான். ஆறுன்னு சொல்லத்தான் நின்னேன் அமுதா, வாய் வரல. இருபத்திநாலுன்னுட்டேன்." துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒசரம் எவ்வளவுன்னான். எனக்கென்ன தெரியும்? என்னயவிடக் கொஞ்சம் கூட வச்சுக்கன்னேன்."

இத்தனை நாள் இந்த மனுஷனைக் கல்நெஞ்சு என்று வைதோமே என்றிருந்தது அவளுக்கு. சட்டையை அவர் தோளோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"கை பத்துமா அவனுக்கு?"

சாமிக்கு வைக்கிற புதுத்துணியில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் படையலுக்கு ஆகாது. அது தெரிந்தேதான் அவள் கொல்லைக்குப் போய், சட்டையை வாளியில் முக்கிக் கஞ்சி போக அலசினாள். மகள் நினைப்பு வந்தது. இருந்தும் பிழிந்து, ஹேங்கரில் மாட்டி, கொடியில் தொங்கவிட்டாள். திரும்பினால் பின்வாசலில் பிரகதீஸ்வரி. படையலுக்காக மதியமே வந்து உள்ளே படுத்திருந்தவள்.

"அம்மா, நனைச்சுட்டியா?"

"என்னால முடியல ஆத்தா. ஒம் பிள்ளைக்கு ஏதாச்சும்..."

மகள் தன் வயிற்றில் ஒரு கையை வைத்தபடி சட்டையைப் பார்த்தாள். பிறகு கொடிக்குப் போய், சுருண்டிருந்த அதன் கைகளை இழுத்து நீவிவிட்டாள். காலர் உள்பக்கமாக மடிந்திருந்தது. எட்டவில்லை. குதிகாலை உயர்த்தி, அதையும் எடுத்துச் சரிசெய்தாள்.