கூரோ பாய்ந்த தடம்

வெட்டிய மரத்தைக் குதிரை பூட்டி மலையிலிருந்து இழுத்து வந்தால் பனியில் வழவழவென்று ஒரு தடம் விழும். எங்கள் டெலிமார்க் மலைநாட்டில் அதற்கு லோம் என்று பெயர். சறுக்குப் பலகை கட்டிப் பாய்கிறவர்களுக்கும் அந்தத் தடம்தான் வழி என்பதால், அவர்கள் பாயும் சரிவையும் லோம் என்றே சொல்வோம். அங்கே முதலில் கை ஊன்றாமலும் விழாமலும் நிற்கிறவரின் பெயர் அதன் முன்னால் ஒட்டிக்கொள்ளும். இழுத்துத் தடம் போட்டவனின் பெயரை யாரும் வைப்பதில்லை.

பாக்கா பண்ணைக்கு மேலே நானும் குதிரையும் போட்ட லோமுக்குப் பெயரே இல்லை. பாதியில் ஒரு பாறை துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குக் கீழே கூரை உயரத்துக்கு வெறும் காற்று. அந்த இடத்தில் மரத்தை அவிழ்த்துக் கீழே தள்ளிவிட்டு, குதிரையை ஓரமாக இறக்குவேன். அங்கே பாய்ந்த ஆண்பிள்ளைகள் எல்லோரும் உருண்டார்கள். பண்ணைக்காரர் யோருண்டின் மகன் ஸ்வெய்னுங் இரண்டு தடவை உருண்டான்.

ஞாயிறு பூசை முடிந்து பாறைக்குக் கீழே கூட்டம் கூடியிருந்தபோது, பண்ணையில் மாடு பார்க்கும் கூரோ பலகைகளைத் தோளில் சுமந்து வந்தாள்.

"பால் கறக்கப் போற வழி இது இல்லயே," என்றான் ஸ்வெய்னுங்.

"தெரியும். இது நீ உருண்ட வழி."

எல்லோரும் சிரித்தார்கள். யோருண்ட் மட்டும் சிரிக்கவில்லை.

"கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்தா என் மாட்ட யாரு பாக்குறது? பொம்பள பேர்ல ஒரு லோமா? செத்தாலும் என் வாயால சொல்ல மாட்டேன்."

எங்கள் பக்கம் எந்தப் பண்ணையில் இருக்கிறோமோ அந்தப் பண்ணைதான் நம் பெயரோடு சேரும். சொந்த நிலம் இல்லாத கூரோ முன்பு கூரோ ஹௌகன், பிறகு கூரோ லீ, இப்போது கூரோ பாக்கா. வசந்தம் வந்தால் வேறு பண்ணை, வேறு பெயர்.

கூரோ, சறுக்கும்போது ஊன்றும் தன் கோலை என்னிடம் நீட்டினாள்.

"இத வச்சுக்கோங்கண்ணே. எனக்குப் பேரு மாறிக்கிட்டே இருக்கு. மல எங்கயும் குடிபோகாதுல்ல?"

"விழுந்துட்டா?"

"பேரில்லாத எடத்துல விழுந்தேன்னு இருக்கட்டும்."

ஏறிப்போய் உச்சியில் ஒரு புள்ளியாக நின்றாள். பிறகு பலகை உரசும் சத்தம் கேட்டது. அது பாறை விளிம்பு வரை வந்து அறுந்தது.

அவள் காற்றில் இருந்தாள். பாவாடை படபடக்கும் சத்தம் மட்டும் எங்கள் தலைக்கு மேலே. வெயிலை மறைத்துக்கொண்டு அவள் நிழல் என் முகத்தைக் கடந்து போனது. ஆயுசு முழுக்க நான் இழுத்ததெல்லாம் கீழே கீழே என்று கனக்கிற மரம்தான். கனமே இல்லாமல் ஒரு உடம்பு வானத்தில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். எப்போதும் இருக்கும் முதுகுவலிகூட அப்போது தெரியவில்லை.

பலகைகள் பட்டென்று பனியில் அறைந்தன. அவள் ஒருபக்கம் சாய்ந்தாள். ஒரு கை பனியை நோக்கிப் போனது. வெண்புகை எழும்பி எல்லாவற்றையும் மூடியது. அது அடங்கியபோது அவள் வெகு தூரத்தில், நின்றபடி இருந்தாள்.

"கை ஊனிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். ஸ்வெய்னுங் ஓடிப்போய் மண்டியிட்டுப் பனியைத் தேடினான். எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"ரெண்டே கோடு. கைத்தடம் இல்ல."

"காத்து தூக்கிட்டுப் போச்சு. காத்து பேர வைங்க," என்று சொல்லிவிட்டு யோருண்ட் வீட்டுக்கு நடந்தார். அவருக்குப் பயந்து அவள் பெயரைச் சொல்ல மற்றவர்களுக்கும் வாய் வரவில்லை. கூரோ என்னிடம் கோலை வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் காலை குதிரையோடு பாறைக்கு மேலே வந்து நின்றேன். கீழே அந்த இரண்டு கோடுகளும் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் மரத்தைத் தள்ள மனசு வரவில்லை. ஓடையைச் சுற்றிப் போனேன். பண்ணை முற்றத்துக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது.

"எங்கடா போயிருந்த?" யோருண்ட் கத்தினார். "கூரோ லோம் வழியா இழுத்திருந்தா எப்பவோ வந்திருக்கலாமே!"

சொன்ன வாய் திறந்தபடியே நின்றது. கொட்டில் வாசலில் கூரோ பால் வாளியைக் கீழே வைத்தாள்.

"எந்த வழின்னு சொன்னீங்கய்யா?"