பத்மநாதன் போட்ட மறுமொழி

கதவு திறந்ததும் பத்மநாதன் மகளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. தோளால் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சப்பாத்தோடு ஒரு வீட்டுக்குள் அவர் கால் வைத்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. படுக்கையறையில் முக்காலியில் நின்ற, படம் பிடிக்கிற வட்ட விளக்கைத் தூக்கிச் சுவரில் ஓங்கி அடித்தார். அது உடைந்து தெறித்த துண்டொன்று நெற்றியைக் கிழித்தது. இரத்தம் புருவத்தில் இறங்கியதைக் கூடத் துடைக்காமல் கமராவைத் தரையில் போட்டு, குதிக்காலால் மிதி மிதியென்று மிதித்தார்.

ஜெனோஜா அறை வாசலில் நின்றாள். முப்பத்தொரு வயது. விவாகரத்துக்குப் பிறகு லண்டன் மோர்டனில் தகப்பன் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொல்லி, ஃபாரஸ்ட் கேட்டில் இந்த மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியே இருக்கிறவள். அவள் அழவில்லை. அதுவே அவருக்கு இன்னும் வெறியை ஏற்றியது. கன்னத்தைப் பொத்தி ஓர் அறை விட்டார். அவள் தலை கதவு நிலையில் போய் மோதியது. இரண்டாவது தடவை கை எழும்பியபோது அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள். கதவு யன்னல் பூட்டி, சமையலறைகள் பொருத்தி முறுக்கேறின தச்சன் கை அது. ஆனாலும் அவளுடைய பிடி விடவில்லை.

"அப்பா, அந்த நம்பருக்கு மறுமொழி போட்டனீங்களோ?"

அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. உதடு வெடித்து இரத்தம் கசிகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்து வேட்டி மாற்றும்போதுதான் அவருடைய போனுக்கு அந்தப் படங்கள் வந்தன. தெரியாத நம்பர். படத்தில் ஒரு பெண், முகம் இல்லை. முகத்தைச் சுளித்தபடி அழிக்கப் போனவரின் கண்ணில் பின்னாலிருந்த யன்னல் பட்டது. மகளின் வீட்டில் அந்தத் திரைக்கம்பியை மாட்டியவர் அவரேதான். சுவர் கோணலாக இருந்தபடியால் ஒரு பக்கம் சிறு தகரத் துண்டு வைத்து உயர்த்தியிருந்தார். தகரம் படத்திலும் தெரிந்தது. கீழே ஒரு வரி: ஐயா, இது உங்கட மகளோ, ஊர்ச் சங்கத்துக் குழுவில் போடட்டோ?

ஜெர்மனியில் தொழிற்சாலையிலும் லண்டனில் தச்சு வேலையிலும் முதுகு வளைத்து உழைத்த மனிதர் அவர். ஆனால் எவன் முன்னாலும் தலை வளைத்ததில்லை. குடும்பத்தில் ஒரு பிசகு என்றால் அதை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியும். முதலில் எதிராளியின் வேரைப் பிடிக்க வேண்டும். பிறகு அவனுடைய பெரியவர்களைப் பிடித்து, நாலு சுவருக்குள் பேசி முடிக்க வேண்டும். ஆகவே நல்ல தமிழில் எழுதினார்: "தம்பி, நீர் யாருடைய பிள்ளை? எந்த ஊர்? என் மகளின் விடயத்தை உம்முடைய பெரியவர்களோடு பேச விரும்புகிறேன்."

"ஓம், போட்டனான்," என்றார். "என்ரை மகளின்ரை விசயம் கதைக்கோணும், நீர் ஆற்றை பிள்ளை எண்டு கேட்டனான்."

ஜெனோஜா அவருடைய கையை விட்டாள். கட்டிலின் விளிம்பில் மெதுவாக அமர்ந்தாள்.

அவள் சொன்னது இவ்வளவுதான். முகம் காட்டாமல் படம் போட்டு அவள் சம்பாதிக்கிற இணையப் பக்கத்துக்கு அந்த ஆள் நெடுநாளாகக் காசு கட்டிப் பார்த்தவன். முதலில் தேன் ஒழுகப் பேசினான். பிறகு நீ பேசாவிட்டால் தூக்குப் போட்டுச் சாவேன் என்றான். பிறகு முகத்தைக் காட்டு, தனியே வா, இல்லாவிட்டால் படங்களை ஊரெல்லாம் போடுவேன் என்றான். போட்டும் விட்டான். இலவசத் தளங்களில் அவள் படங்கள் வந்தன. ஆனால் காசு கட்டுகிற ஒவ்வொருவருக்கும் அனுப்புகிற படத்தில், கண்ணுக்குத் தெரியாத தனித்தனி அடையாளம் வைத்திருந்தாள். வெளியே வந்தது யாருடைய பிரதி என்று அதை வைத்துக் கண்டுபிடித்தாள். படங்களை நீக்குவித்து, அவன் கணக்கை மூடுவித்து, பொலிசில் முறையிட்டு, ஒரு வார்த்தை மறுமொழி போடாமல் இருந்தாள். பயந்தவள் பேசுவாள், பேசுகிறவளை விட மாட்டான், பேசாதவளை விட்டு வேறு வீடு பார்ப்பான். அதுதான் அந்தத் தொழிலில் படித்த பாடம். அவனும் களைத்துக்கொண்டு வந்தான்.

"அவனுக்கு என்ரை பேர் தெரியாது அப்பா. ஏதோ ஒரு வீடியோவில பின்னாலை தமிழ் ரேடியோ கேட்டிருக்கு, அவ்வளவுதான். கோயில் மலரில உபயகாரர் எல்லாற்றை நம்பரும் கிடக்கு. பொம்பிளைப் பிள்ளை வைச்சிருக்கிற எல்லாத் தகப்பன்மாருக்கும் இதே படத்தை அனுப்பியிருப்பான். மற்ற ஆக்கள் அழிச்சுப்போட்டு இருந்திருப்பினம். நீங்கள் ஒராள்தான் 'என்ரை மகள்' எண்டு எழுதிக் குடுத்தனீங்கள்."

பத்மநாதனுக்கு நெற்றியில் வடிந்த இரத்தம் வாய்க்குள் வந்து உப்புக் கரித்தது. அவள் நம்பரைக் கேட்டாள், பொலிசுக்குக் கொடுக்க. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன் என்றார். உண்மைதான். அந்த அசிங்கம் தன் போனில் ஒரு நிமிடமும் கிடக்கக் கூடாதென்று துடைத்துவிட்டிருந்தார். துடைக்கும் முன் அவனிடமிருந்து பதில் வந்ததையும், அன்று பின்னேரமே சவுத்தாலில் சந்திக்க ஒத்துக்கொண்டதையும் அவளிடம் சொல்லவில்லை. இந்தத் தொழிலை விடு என்றார். அது என்ரை வேலை, உங்களிட்டை அனுமதி கேக்கயில்லை என்றாள். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் படியிறங்கினார்.

மனைவியின் தம்பி வாமதேவன் வானோடு கீழே காத்து நின்றான். வானின் பின்பக்கத்தில், பத்மநாதன் காலையில் வீட்டிலிருந்து எடுத்து வந்த வீல் ஸ்பனர் ஒரு பழைய துவாயில் சுற்றிக் கிடந்தது.

மூடிக் கிடந்த கார் கழுவும் இடமொன்றின் பின்வளவில் அந்த ஆள் நின்றான். பத்மநாதன் ஒரு ரவுடியை எதிர்பார்த்து வந்தார். நின்றதோ, இஸ்திரி போட்ட சேர்ட்டும் நெற்றியில் திருநீறுமாக முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன். கையில் முந்திரிகைக் குலையும் மாதுளையும் நிறைந்த பை, மேலே வெற்றிலைச் சுருள். பெண் கேட்டு வருகிறவன் கொண்டுவரும் பை. வந்ததும் வராததுமாகக் குனிந்து அவருடைய காலைத் தொட்டான். தன் பெயர் பிரவின் என்றான். தகப்பன் பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், பாட்டன் வழியைச் சொன்னான். குறை சொல்ல முடியாத வேர்.

நடந்தது நடந்துவிட்டது என்று பிரவின் பணிவாகப் பேசினான். தான் அவளை விரும்பியதால்தான் இவ்வளவும். வழி தவறின பிள்ளையைத் தானே தாலி கட்டி எடுத்துக்கொள்கிறேன், படங்கள் தன்னோடு மண்ணாகப் போகும், மாமாவின் பெயருக்கு ஒரு கீறலும் வராது என்றான்.

வாமதேவன் பத்மநாதனின் காதோடு வந்தான். "அத்தான், குலதெய்வம் காட்டின வழி இது. ஸ்பனரை வானுக்குள்ளேயே விடுங்கோ."

அந்த நேரம் பத்மநாதனின் மனம் சரிந்தது. மண்டபமும் மேளமும் மணவறையும் கண்ணுக்குள் வந்து போயின. எல்லோர் முன்னாலும் பட்டு வேட்டியோடு நிற்கிற தன்னையும் கண்டார். ஒரு தலையாட்டல் போதும், எல்லாம் மூடிப்போகும். பக்கத்தில் நின்ற வானின் திறந்த பின்கதவுக்குள், துவாயின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார். எடுத்துவிட்டு, பிள்ளை சம்மதித்தாளா என்று ஒரு முறைக்குத்தான் கேட்டார்.

பிரவின் சிரித்தான். "அவ ஏன் சம்மதிக்க வேணும் மாமா? நீங்கள் சொன்னால் சரி. மாட்டன் எண்டால் படம் இருக்குத்தானே."

தான் எவ்வளவு உருகினவன் என்று காட்ட, அவளுக்கு எழுதியவற்றைப் போனில் திறந்து நீட்டினான். பத்மநாதன் போனை வாங்கி விரலால் மேலே தள்ளினார். தங்கம், நீ இல்லாவிட்டால் செத்துப்போவேன். அதற்கு மேலே, மன்னித்துக்கொள் தங்கம். அதற்கும் மேலே, முகத்தில் அசிட் ஊற்றினால் எவன் காசு கட்டிப் பார்ப்பான்? பிறகு திரும்பவும் மன்னிப்பு, திரும்பவும் அசிட். கீழே ஒரு மறுமொழியும் இல்லை. மாதக்கணக்காக இதை வாசித்துக்கொண்டு, வாய் திறவாமல், தனியே அந்த மாடி வீட்டில் இருந்திருக்கிறாள். இவரோ இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை.

போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே மற்றக் கையால் துவாயிலிருந்து ஸ்பனரை உருவினார். முதல் அடி, போனை வாங்கின பிரவினின் கையில் விழுந்தது. விரல்கள் முறிந்த சத்தம் காய்ந்த மட்டை முறிவதுபோல் கேட்டது. போன் சீமெந்தில் விழ, பத்மநாதன் அதை ஸ்பனரால் நொறுக்கினார். ஒரு தடவையோடு விடவில்லை, தூளாகும்வரை நொறுக்கினார். நிமிர்வதற்குள் பிரவின் தலையால் முட்டி அவருடைய மூக்கை உடைத்தான். மரியாதை எல்லாம் அதோடு போயிற்று. கிழட்டு நாயே என்று கத்திக்கொண்டு திறப்புக் கோர்வையை, சாவி நுனிகள் விரலிடுக்கில் நீட்ட, மற்றக் கைக்குள் வைத்துக் குத்தினான். அவருடைய கன்னம் கிழிந்து பல் தெரிந்தது. பத்மநாதன் பின்வாங்கவில்லை. தோள்மூட்டில் ஓர் அடி, விலாவில் ஓர் அடி, விழுந்தவனின் வாயில் ஓர் அடி. மாதுளைகள் காலடியில் உருண்டு நசிந்தன. எது பழச்சாறு, எது இரத்தம் என்று தெரியாமல் நிலமெல்லாம் சிவந்தது. வாமதேவன் பின்னால் கட்டிப் பிடித்து இழுத்திராவிட்டால் அடுத்த அடி மண்டையில் இறங்கியிருக்கும்.

பக்கத்து மதிலுக்கு மேலால் யாரோ பார்த்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டார்கள். சைரன் தூரத்தில் கேட்டது. வாமதேவன் மூச்சு வாங்க, கார் நிறுத்தின இடத்துச் சண்டை என்று சொல்லுவோம், பிள்ளையின் கதை வெளியில் வரத் தேவையில்லை என்றான். பத்மநாதன் மறுமொழி சொல்ல முன்னம், நிலத்தில் கிடந்தவன் இரத்தத்தையும் உடைந்த பல்லையும் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினான்.

"ஓம் மாமா," என்றான் பிரவின். "பார்க்கிங் சண்டை. நானும் அப்பிடியே சொல்லுறன். உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

ஆஸ்பத்திரியில் பத்மநாதனின் கன்னத்துக்குத் தையல் போட்டு, அங்கிருந்து பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். சட்டத்தரணி அவரைத் தனியே இருத்திப் பேசினார். வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது, ஆயுதம் முன்கூட்டிக் கொண்டுபோனதாகத் தெரிந்தால் சிறை நீளும், பார்க்கிங் சண்டை என்று மற்றவர்கள் சொல்வது உங்களுக்கு உதவும் என்றார். பத்மநாதன் கேட்டுக்கொண்டிருந்தார். உடைந்த மூக்கால் மூச்சு விட முடியவில்லை. வாயால் மூச்சு இழுக்கும்போதெல்லாம் தையல் இழுபட்டது.

தமிழ் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் பியற்றிஸ் என்ற பெண்மணி. மோர்டனில் கடைத்தெருவில் அவரைப் பலமுறை கண்டிருக்கிறார். அவருடைய மனைவி தவநாயகியோடு நின்று கதைக்கிறவர். இங்கே பேசுவது இந்த அறையோடு நிற்கும், அது தன்னுடைய சத்தியம் என்று பியற்றிஸ் முதலிலேயே சொன்னார். பத்மநாதன் தலையசைத்தார். நம்பவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது அவருக்குத் தெரியும். மகளின் பெயர் இந்த மேசையில் விழுந்தால், ஒருநாள் கோயில் வாசலிலும் விழும்.

மறுபக்கத்தை யோசித்தார். நம்பரைத் தானே அழித்தார். போனைத் தானே நொறுக்கினார். அந்தக் கணக்குக்குப் பின்னால் இருப்பவன் இந்த ஆள்தான் என்பதற்கு அவருடைய வாயைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. பார்க்கிங் சண்டை என்றால் அவருடைய மானம் தப்பும். எலும்பு ஒட்டிய பிறகு பிரவின் புது போன் ஒன்று வாங்குவான். இப்போது தகப்பனைத் தெரியும், அதை வைத்து அவளுடைய பெயரும் வீடும் தெரிந்துவிடும். இந்தத் தடவை அசிட் வெறும் எழுத்தாக இருக்காது.

எதிரே இருந்த பொலிஸ்காரி, என்ன நடந்தது என்று கேட்டாள். சட்டத்தரணி அவருடைய முழங்கையைத் தொட்டார். பத்மநாதன் கையை விலக்கிக்கொண்டு, கதிரையில் முதுகு நிமிர்ந்து அமர்ந்தார்.

"பார்க்கிங் சண்டை இல்லை. அவன் ஒரு பொம்பிளையை மாதக்கணக்கா மிரட்டினவன். அவளைக் கட்டித் தராட்டில் படத்தை விடுவன் எண்டு என்ரை முகத்துக்கு நேரை சொன்னவன். அவளின்ரை முகத்தில அசிட் ஊத்துவன் எண்டு எழுதினதை என்ரை கண்ணாலை வாசிச்சனான். ஸ்பனரை நான்தான் வீட்டிலை இருந்து கொண்டு போனனான், அதையும் எழுதுங்கோ. அந்தப் பொம்பிளை என்ரை மகள், ஜெனோஜா பத்மநாதன்."

பியற்றிஸ் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வரி வந்தபோது அவருடைய குரல் தாழ்ந்தது. பெயர் பாதி வாய்க்குள்ளேயே நின்றது. பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தாள்.

"பேரை விளங்கச் சொல்லுங்கோ, அம்மா," என்றார் பத்மநாதன்.