சுத்தியல் கேட்ட மன்னிப்பு

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெருவே சேர்ந்து சுத்தியல் என்று பெயர் வைத்திருந்தது. கையில் ஸ்பேனர்தான் இருக்கும். சுத்தியல் வாயில் இருந்தது. எல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேச்சுப் பயிற்சி வகுப்பில் சேர்ந்த பலன். அங்கே வாத்தியார் வெளிநாட்டு வீடியோக்களாகப் பார்த்து ஞானம் அடைந்தவர். "முக்கியமான வார்த்தைய ஓங்கி அடிங்க! வாக்கியத்துக்கு ஒரு அடி!" என்பார். நம் ஆளுக்கு ஒரு அடி போதுமா? வார்த்தைக்கு ஒன்று போட்டான். "கேஸ்! தீந்து! போச்சு!" என்று அவன் சொன்ன தோரணையில், ஃப்ரிட்ஜ் வெடிக்கப்போகிறதென்று ஒரு வாடிக்கையாளர் செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

அதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். மனைவி ஆசை ஆசையாகத் தையல் கடை திறந்த அன்று, இந்த அறிவாளி பேச்சுப் போட்டிக்குப் போய்விட்டான். அவள் கத்தரிக்கோலும் கையுமாக ரிப்பனுக்கு முன்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். சாயங்காலம் இவன் பரிசுக் கோப்பையோடு வீட்டுக்குள் வந்தான். அவள் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

ஒரு வாரத்தில் வீடு வெறிச்சோடிப் போய்விட்டது. தையல் மெஷின் சத்தம் கேட்காமல் அவனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் தன்னால் முடியாது என்று புரிந்தது. புரிந்தவன் நேரே போய்க் காலில் விழவேண்டியதுதானே? அதுதான் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துவிட்டுக் கிளம்பினான்.

அண்ணன் வீட்டு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தான்.

"நான்! உன்கிட்ட! மன்னிப்பு! கேக்குறேன்!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. லாரி ஓட்டுகிற மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ளே, வீடு தேடி வந்து வம்புக்கு இழுக்குறீங்க?"

"ஐயோ, இல்ல மச்சான்! தப்பு! என்! மேல!"

"அத ஏன் என் மேல பாயுற மாதிரி சொல்றீங்க?"

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "மிரட்டிக் கூட்டிட்டுப் போலாம்னு பாக்குறாரு அண்ணே. கதவச் சாத்து."

மச்சான் கதவில் கை வைத்தவர், ஏதோ நினைவு வந்து நிறுத்தினார். "வந்ததுதான் வந்தீங்க, எங்க ஃப்ரிட்ஜ் ரெண்டு நாளா கத்துது. அதப் பாத்துட்டுக் கிளம்புங்க."

என்ன செய்வான், போனான். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே தலையை நுழைத்தான். தொண்டையில் தூசி. நிமிர இடமில்லை, நெஞ்சை விரிக்க வழியில்லை. அங்கே சுத்தியலை எப்படி ஓங்குவது?

"என்ன கோளாறு?" என்றார் மச்சான்.

"ஃபேன்ல தூசி." துடைத்தான். பிறகு, ஃபேனிடம் சொல்வதுபோல, "கப்பு வாங்குனேன் மச்சான். யார்கிட்ட காட்ட?" என்றான்.

மச்சான் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"நின்னிருக்கா. அவ்வ்ளோ நேரம். தனியா... கடை வாசல்ல." மறுபடி துடைத்தான். ஏற்கெனவே துடைத்த இடம்தான். "இருந்திருக்கணும் மச்சான், நான். நான்தான் இருந்திருக்கணும்."

எந்த வார்த்தையும் அடி வாங்கவில்லை. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. ஒட்டடைத் தலையோடு அவன் வெளியே வந்தபோது சமையலறை வாசலில் அவள் நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இத முன்னாடியே சொன்னா என்னவாம்?"

"சொன்னேனே! அடிச்சு அடிச்சு..."

"அதான் காதுல ஏறல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கடை... எப்படிப் போகுது?"

"எங்க போகுது? பூட்டிக் கெடக்கு." அவள் சுவரைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. "ரிப்பன் இருக்கு. அப்ப்பிடியே இருக்கு."

"கத்தரிக்கோல்?" என்று கேட்டான், அவ்வளவு மெதுவாக.

அவள் இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவன் கையில் வைத்தாள்.