ஒரு மணிக்காரர்

துணி வெட்டும் கத்தரியால் வேறு எதையும் வெட்டக் கூடாது என்பது தையல் தொழிலில் முதல் பாடம். காகிதம் வெட்டினால்கூட முனை போய்விடும். இருபத்தாறு வருடமாக என் கத்தரியை நான் யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. மகள் சின்ன வயதில் அதை எடுத்து அட்டை வெட்டியதற்கு வாங்கிய அடியை இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். அந்தக் கத்தரியைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவரின் பின்கழுத்தில் வைத்தேன். பயப்பட வேண்டாம், முடி வெட்டத்தான்.

ஐந்து மாத முடி. காதை மூடி, சட்டைக் காலருக்குள் இறங்கியிருந்தது. என் சம்பளத்தில் அவர் முடி வெட்டிக்கொள்ள மாட்டாராம். சாப்பாடு, மருந்து, வாடகை எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கிறது, அதற்கெல்லாம் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் முடி வெட்டுவதற்குப் பெண்டாட்டியிடம் கை நீட்டுவது மட்டும் அவரால் முடியவில்லை. "நெட்ல எழுதற பிளாக்ல முதல் காசு வரட்டும், நேரா கடைக்குத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டார். யாருக்கு மானம் எந்த இடத்தில் இருக்கும் என்று யார் கண்டது. இவருக்கு அது தலையில் இருந்தது.

அவர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருந்தவர். முன்னூறு மெஷின் ஓடும் கூடத்தின் வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "நாலாவது வரிசையில ஒண்ணு தையல் விடுது, ஊசியை மாத்துங்க" என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். நானும் ஒரு காலத்தில் அந்த நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவள்தான். பிறகு அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டீ சிந்தியது, அப்புறம் திருகாணி கைநழுவியது. மருத்துவர் ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், நிற்காது என்றும் சொன்னார். தொழிற்சாலையில் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "வேலை இல்லாதவனுக்கு மணி பாக்கக் குடுத்திருக்கான் பாரு" என்று அவரே ஆணி அடித்து மாட்டினார். நாலு முறை சுவரில் அடித்துவிட்டு ஐந்தாவது முறைதான் ஆணியில் அடித்தார். அந்த நாலு பள்ளமும் இன்னும் இருக்கின்றன.

வெளியூரில் இருக்கும் மகள்தான் தன் பழைய மடிக்கணினியைக் கொடுத்து, பிளாக் ஒன்றும் ஆரம்பித்துக் கொடுத்தாள். பெயர் அவரே வைத்தார்: தையல் மெஷின் வைத்தியம். மெஷின் ஏன் நூலை அறுக்கிறது, பாபின் ஏன் சிக்குகிறது என்று வாரத்துக்கு இரண்டு பதிவு. இடது கை ஒற்றை விரலால் அடிப்பார். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். குறும்பு செய்யும் பிள்ளையை வாத்தியார் பெஞ்சுக்கு அடியில் உட்கார வைத்த மாதிரி இருக்கும்.

பிளாக்கில் சம்பாதிக்கப் பத்து வழிகள் என்று யாரோ எழுதியதை ஒரு நோட்டில் நகல் எடுத்து வைத்திருந்தார். வகுப்பு எடுக்கலாம், பேச்சு முன்போல வரவில்லை, கோடு போட்டு அடித்துவிட்டார். வீடியோ போடலாம், கையைக் காட்ட வேண்டும், அதையும் அடித்துவிட்டார். புத்தகம் விற்கலாம், அச்சடிக்கக் காசு இல்லை, அதுவும் போயிற்று. கம்பெனிச் சரக்கைப் பாராட்டி எழுதிக் கமிஷன் வாங்கலாம். "மட்டமான ஊசியை நல்ல ஊசின்னு எழுதணுமா? ஊசி என்னை மன்னிக்காது" என்றார். கடைசியில் மிஞ்சியது ஒரே வழி. பக்கத்தில் விளம்பரம் வைப்பது. படிக்க வருகிறவர்கள் அதைத் தொட்டால் கொஞ்சம் சேரும். குறிப்பிட்ட அளவு சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். அந்த அளவு எவ்வளவு என்று தெரிந்த நாளிலிருந்துதான் முடி வளர ஆரம்பித்தது.

இரண்டு மாதம் ஆகியும் ஒன்றும் சேரவில்லை. தினமும் சாயங்காலம் நான் வந்ததும் "இன்னைக்கு யாரும் வரலை" என்பார், மழை வரவில்லை என்று சொல்கிற மாதிரி.

நான் இப்போது துணி திருத்தும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது. எனக்குப் பக்கத்தில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிறவள் ஒருத்தி. உலகத்தில் அவளுக்குத் தெரியாத விஷயம் காஜா ஒன்றுதான் என்று கட்டிங் மாஸ்டர் கிண்டல் செய்வார். அவளிடம் சொன்னேன்.

"என்னக்கா நீங்க, விளம்பரத்தை யார் தொட்டா என்ன? உங்க போன்ல நீங்களே தொடுங்க. தினம் நாலு தடவை. அவருக்குத் தெரியவா போகுது."

இதில் தப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை. நம் கடை வியாபாரத்தை நாமே பார்ப்பது போலத்தானே என்று நினைத்தேன். அன்றிலிருந்து மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் அவர் பக்கத்தைத் திறப்பேன். பக்கத்தின் நெற்றியில் ஒரு விளம்பரம், விலாவில் ஒரு விளம்பரம். இரண்டையும் தொடுவேன். வீட்டுக்கடன், முடி வளரும் எண்ணெய், கப்பல் பொறியியல் படிப்பு. மறுபடி திறந்து மறுபடி தொடுவேன். அவர் எழுதியிருந்ததில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை. தையல் மெஷினைப் பற்றி அவர் எழுதி நான் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

பத்து நாளில் அவர் முகம் மாறிவிட்டது.

"ஒருத்தர் வர்றார்" என்றார் ஒரு சாயங்காலம், நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே. "தினமும் சரியா ஒரு மணிக்கு. எந்த நேரத்துல எத்தனை பேர்னு இதுல தெரியும். தலைநகரம்னு காட்டுது. அங்க எங்கயோ மெக்கானிக்கா இருப்பார். சாப்பாட்டு நேரத்துல பாக்கறார் போல."

என் போன் கம்பெனியின் தலைமையகம் தலைநகரத்தில் இருப்பதால் அப்படிக் காட்டும் என்று பின்னால் மகள் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். அன்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "பரவாயில்லையே, பெரிய ஆளாயிட்டீங்க" என்றேன். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்த வாசகருக்குப் பெயர் ஒரு மணிக்காரர். "ஒரு மணிக்காரருக்கு இந்தத் தடவை பெல்ட் பத்தி எழுதலாமா?" "ஒரு மணிக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றதில்லை, அவருக்கும் லீவு போல." நான் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்த மூன்று மாதம் அவர் மாத்திரையை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு முன்பே குளித்து, சட்டை மாற்றி, சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாராம். எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரியும்.

முதல் காசு வருவதற்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை விளம்பரக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலம் என்பதால் மகளுக்கு அனுப்பினோம். அவள் போனில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"கணக்கை மூடிட்டாங்கப்பா. விளம்பரத்தை ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தொட்டா அது ஏமாத்து வேலைன்னு எடுத்துப்பாங்க. சேர்ந்தது எதுவும் வராது. மறுபடி திறக்கவும் முடியாது. நீங்க உங்க பக்கத்துல விளம்பரத்தைத் தொட்டீங்களா?"

"நான் தொடவே இல்லையே" என்றார் அவர். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அது தொடைக்கு அடியிலிருந்து எப்போதோ வெளியே வந்து, மேசை விளிம்பில் டக்டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

"கை பட்டிருக்கும்மா" என்றார் போனில். "எனக்குத் தெரியாமயே பட்டிருக்கும். நான் கவனிச்சிருக்கணும்."

நான் கையில் இருந்த ஊசியைக் குத்துமெத்தையில் செருகினேன். உடனே சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிடம் சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பார், தீர்ந்திருக்கும். ஆனால் நான்தான் தொட்டேன் என்றால் ஒரு மணிக்காரர் யார் என்று கேட்பார். தொட்ட ஆளும் வந்த ஆளும் ஒன்றுதான். கையைக் காப்பாற்றினால் ஒரு மணிக்காரர் செத்துப்போவார். அவரை உயிரோடு விட்டால் இந்தக் கை காலத்துக்கும் குற்றவாளி. இரண்டில் எதைச் செய்வது என்று தெரியாமல் நான் பாத்திரம் கழுவப் போனேன். சோப்பு படாமலே என் கண் எரிந்தது.

புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் மதியம் நான் போனைத் தொடவில்லை. தொட்டால் இன்னும் என்ன ஆகுமோ என்று பயம். விஷயத்தைச் சொன்னதிலிருந்து காஜாக்காரி முகம் கொடுத்துப் பேசவில்லை, "நல்லதுன்னு நினைச்சுத்தானே சொன்னேன்" என்று மட்டும் ஒருமுறை முணுமுணுத்தாள். வீட்டில் அவர் வலது கையை ஒரு துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதுகூட அதைப் பார்க்கவில்லை. சண்டை போட்டுக்கொண்ட அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருப்பது போல இருந்தது.

சனிக்கிழமை ஒரு மணிக்குப் பழக்க தோஷத்தில் விரல் தானாகப் போய்ப் பக்கத்தைத் திறந்துவிட்டது. நெற்றியில் வெள்ளையாக ஒரு கட்டம், விலாவில் வெள்ளையாக ஒரு கட்டம். தொடுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் படித்தேன்.

வியாழக்கிழமை எழுதியது மேலே இருந்தது. பாதி எழுத்துகள் இரண்டு முறை விழுந்திருந்தன. நூல் அறுவதற்கு மெஷினைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் நூல் கோத்த கையில்தான் தப்பு இருக்கும் என்று ஆரம்பித்திருந்தார். அதற்குக் கீழே, கோடு போட்டு, தனியாக:

"ஒரு மணிக்கு வரும் நண்பருக்கு. நீங்கள் பத்து விநாடியில் போய்விடுவது எனக்குத் தெரிகிறது. நான் எழுதுவது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கலாம். உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் அதை எழுதுகிறேன். என் கையால் ஒரு தவறு நடந்துவிட்டது, விளம்பரங்கள் போய்விட்டன. அதற்காக வராமல் இருந்துவிடாதீர்கள்."

முந்தைய பதிவைத் திறந்தேன். அதற்கு முந்தையதை. மூன்று மாதத்துப் பதிவு எல்லாவற்றின் அடியிலும் அந்தக் கோடு இருந்தது. "நண்பருக்கு, இன்று மழையா அங்கே?" "நண்பருக்கு, உங்கள் மெஷின் என்ன சத்தம் போடுகிறது என்று எழுதுங்கள், நான் சொல்லிவிடுவேன்." ஒன்றில், "என் மனைவி நாலாவது வரிசையில் தைத்தவள். அவள் மெஷின் ஒருநாளும் தையல் விட்டதில்லை. நான்தான் தினமும் ஏதாவது பழுது சொல்லிப் பக்கத்தில் போய் நிற்பேன். இதை அவளிடம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்" என்று இருந்தது. டப்பாவை நான் திறக்கவே இல்லை. மாஸ்டர் இரண்டு முறை கூப்பிட்டாராம், காஜாக்காரி சொன்னாள். எனக்குக் காதில் விழவில்லை.

மறுநாள் காலை அவரே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"கடை வேண்டாம். நீயே வெட்டிவிடு."

வீட்டில் இருந்த சின்னக் கத்தரி காகிதத்தைக்கூட மெல்லத்தான் செய்யும். என் பையிலிருந்து பெரியதை எடுத்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

"துணிக் கத்தரி. கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும், சாணை பிடிச்சுக்கலாம். ஆடாம இருங்க."

"அது என் கையில இல்லை" என்றார். ஐந்து நாளில் அன்றுதான் முதல்முறையாக அவர் கேலி பேசினார்.

பழைய படுக்கை விரிப்பைக் கழுத்தில் சுற்றிப் பின்னால் ஒரு ஊக்கு குத்தினேன். இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தேன். முடியில் பாதி நரைத்திருந்தது, எப்போது என்று தெரியவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. முகம் தெரியாத இந்தப் பின்பக்கம்தான் சொல்வதற்குச் சரியான இடம்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நானும் சொல்லணும். நேத்து ஒரு மணிக்காரர் வந்தார்."

கத்தரி நின்றது.

"மூணு நாள் காணோம். போயிட்டார்னுதான் நினைச்சேன். நேத்து வந்தவர் நாப்பத்திரண்டு நிமிஷம் இருந்தார். பழசெல்லாம் படிச்சிருக்கார். அதுலதான் காசுக்கு ஒண்ணும் இல்லையே இப்போ. சும்மா படிக்கத்தான் வந்திருக்கார்." விரிப்புக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இனிமே கை பட்டாலும் பரவாயில்லை. பட்டுக் கெடறதுக்கு அங்க என்ன இருக்கு. நாளைக்கு எழுதலாம்னு பாக்கறேன். நீ என்ன சொல்ல வந்தே?"

காதோரம் இன்னும் வெட்ட வேண்டியிருந்தது. நான் அவர் தலையை மெல்லச் சாய்த்துப் பிடித்தேன். விரிப்புக்கு அடியில், மடியில் கட்டிவைத்திருந்த துண்டை அவர் இடது கை அவிழ்ப்பது தெரிந்தது. பிறகு வலது பக்கம் துணி அசைய ஆரம்பித்தது. அதன்மேல் விழுந்து கிடந்த முடியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, மடிப்புகளில் இறங்கி, தரையில் உதிர்ந்துகொண்டிருந்தன.